ரெண்டு மணி மிஸ்டு கால்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டு வைத்ததிலிருந்து எனக்குக் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. பெட்டியில் பாத்திரத்தை அடுக்குகிறேன், மூடி டேப் ஒட்டுகிறேன், உள்ளே என்ன வைத்தோம் என்று மறந்துபோய் டேப்பைக் கிழித்து மறுபடியும் பார்க்கிறேன். உங்கப்பா மைன்ஸிலிருந்து ரிட்டயர் ஆகி ஐந்து வாரம் ஆகிறது. டவுன்ஷிப்பில் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண இன்னும் பத்து நாள். காடாம்புலியூரில் அவர் பங்குக்கு வந்த இடத்தில் கட்டுகிற வீட்டுக்குக் கதவு வந்துவிட்டது, ஜன்னல் வரவில்லை. அதையெல்லாம் யோசிக்க வேண்டிய நேரத்தில் நான் சமையல் மேடையில் நோட்டை வைத்து, நின்றபடியே உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன் என்று பயம். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று. கல்யாணப் பேச்சு எடுக்கப் போகிறேனோ என்று நீ பயப்பட வேண்டாம். இது வேறு.

நீ கேட்டது சாதாரணக் கேள்விதான். "ம்மா, அந்தக் கப்பல் சீன்ல நான் எப்படிம்மா அப்படி அழுதேன்? இங்க டப்பிங்குக்கு ஒரு ஏழு வயசுப் பொண்ணு வந்திருக்கு, வாய்ஸ் அவ்வளவு நல்லா இருக்கு. அழச் சொன்னா மட்டும் கொட்டாவி விடற மாதிரி சத்தம் போடுது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுக்கணும். எனக்கு அன்னிக்கு அப்பாவப் பத்தி அந்தத் தப்பான நியூஸ் வந்துச்சுல்ல, அதனாலதானே அழுதேன்? அந்த மாதிரி எதையாவது இவகிட்ட சொல்லிப் பாக்கலாமான்னு இருக்கு." சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நான் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

விளையாட்டாகச் சொன்னாய் என்று நானும் மூன்று நாளாக எனக்கே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் ஒரு மனுஷி என்னவெல்லாம் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். இன்று புதன். வெள்ளிக்கிழமை நீ அந்தப் பிள்ளையை மைக் முன்னால் நிறுத்துவதற்குள் நான் இதைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு எந்தச் செய்தியும் வரவில்லை, பாப்பா. தப்பான செய்தியும் வரவில்லை, சரியான செய்தியும் வரவில்லை. நான்தான் சொன்னேன்.

சொல்லிவிட்டேன். இனி மெதுவாகச் சொல்கிறேன். உனக்கு எட்டு வயது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நீ நாடகத்தில் பேசியதை நம் பிளாக்குக்கு வந்திருந்த ஒரு சவுண்ட் இன்ஜினியர் கேட்டுவிட்டு, உன் குரலில் இருக்கிற லேசான கரகரப்பு வேறு எந்தப் பிள்ளைக்கும் இல்லை என்றார். எனக்கு அந்தக் கரகரப்பு தொண்டை நோவு என்று தோன்றி, மிளகுக் கஷாயமாக ஊற்றிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் ஸ்டுடியோவில் பிலிப்பைன்ஸ் நாட்டு சீரியல் ஒன்றைத் தமிழில் போடப் போகிறார்கள், அதில் நடிக்கிற பிள்ளைக்கும் இதே மாதிரிக் குரல், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. உன் அட்லஸில் தேடினேன், தண்ணீருக்கு நடுவில் துண்டு துண்டாகக் கிடந்தது. அடுத்த சனிக்கிழமையே விடிகாலை பஸ்ஸில் உன்னை மெட்ராஸுக்குக் கூட்டிப் போய்விட்டேன். உங்கப்பா, "அஞ்சு மணி நேரம் கொயந்தயக் குலுக்கிகினு போவணுமா?" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குப் பதினாறு வயதில் ரேடியோ நாடகத்துக்குக் குரல் தேர்வுக்கு வரச் சொல்லி லெட்டர் வந்தது. உன் தாத்தா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜெனரல் ஷிப்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆக, உன்னை அழைத்துப் போனது உனக்காக என்று மட்டும் நினைக்காதே. பாதி நான் எனக்காகப் போனேன்.

பிலிப்பைன்ஸ் பாப்பாவை முதலில் அந்த ஸ்டுடியோத் திரையில்தான் பார்த்தேன். நெற்றியில் வெட்டிவிட்ட முடி, முன்பல் ஒன்று இல்லை, பெரியவர்கள் பேசும்போது அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். உன் வயதுதான். அவள் வாயசைக்க நீ பேசினாய். இரண்டு மாதத்தில் நம் பிளாக் பெண்கள் ஏழு மணி ஆனால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். கடைசியில் ஓடுகிற பெயர்களில் உன் பெயர் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதைப் பிடிக்க நான் டிவியில் மூக்கு இடிக்கிற மாதிரி நிற்பேன். "உங்க வூட்டுப் பாப்பா பேசுதா, அந்தப் பாப்பா பேசுதான்னே தெரியல அக்கா" என்று எதிர்வீட்டு அம்மா சொல்வதைக் கேட்பதற்காகவே, தெரியாத மாதிரி திரும்பவும் கேட்பேன்.

கப்பல் சீன் வந்தது. கதையில் அந்தப் பிள்ளையின் அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். கப்பல் நகர்கிறது, பிள்ளை துறைமுகப் பாலத்தின் விளிம்பு வரை "அம்மா" என்று கத்திக்கொண்டே ஓடுகிறது. நீ ஒன்பது டேக் பேசினாய். ஒன்பதிலும் அழுகை வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டப்பிங்கைப் பார்த்துக்கொண்டவர் நல்ல மனிதர், சத்தமே போடவில்லை. என் பக்கத்தில் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இந்த சீனுக்கு மட்டும் வேற பாப்பாவ வரச் சொல்லிடலாம்" என்றார். எனக்கு ஏழு மணி நாற்காலிகள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. அந்த அழுகையில் வேறொரு பிள்ளையின் குரல் வந்தால் எதிர்வீட்டு அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்றுதான் முதலில் தோன்றியது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் தோன்றியது.

உன்னை வெளியே கூட்டிப் போய்த் தண்ணீர் குடிக்க வைத்தேன். நம் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். ஷிப்டுக்குப் போன மனுஷன் வீடு திரும்புகிற வரைக்கும் எந்த வீட்டிலும் ஆக்சிடென்ட் என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள். டிவி செய்தியில் எங்கோ பஸ் கவிழ்ந்தது என்று வந்தால்கூட சத்தத்தைக் குறைத்துவிடுவோம். உங்கப்பா அன்றைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், ரெண்டு மணிக்குத்தான் முடியும். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "பாப்பா, இப்பதான் போன் வந்துச்சு. மைன்ஸ்ல ஆக்சிடென்ட்டாம். அப்பா பாக்கற கரி பெல்ட்லயாம். அப்பாவ இன்னும் காணலையாம். நீ சீக்கிரம் இத முடி, உடனே ஊருக்குப் போயிடலாம்." சொல்லிவிட்டு உன்னைக் கதவுக்கு உள்ளே தள்ளினேன்.

நீ அழுதாய். அதுவும் "அப்பா" என்று அழுதாய். உள்ளே இருந்தவர் மைக்கில், "அழுகை பிரமாதம் பாப்பா, வார்த்தை மட்டும் அம்மான்னு மாத்தணும், இன்னொரு தடவ" என்றார். நீ கவுன் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனைச் சரியாக வைத்துக்கொண்டு, அப்பாவுக்காக அழுதுகொண்டே "அம்மா" என்று சரியாக மாற்றிச் சொன்னாய். அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அங்கேயே உள்ளே ஓடி உன்னைக் கட்டிக்கொண்டு பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். டேக் கெட்டுப்போகுமே என்று இருந்துவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு செல்போனைக் காதில் வைத்துச் சும்மா தலையாட்டிவிட்டு, "தப்பான செய்தியாம் பாப்பா, அப்பா நல்லா இருக்காராம். இத அப்பாகிட்ட சொல்லாத, பயந்துடுவாரு" என்றேன். முதல் பொய்யைவிட இந்த இரண்டாவது பொய்தான் மோசம். அதோடு உண்மையைச் சொல்லும் வழியை நானே அடைத்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ தூங்கவில்லை. எப்போதும் தாம்பரம் தாண்டுவதற்குள் என் மடியில் சாய்கிறவள், அன்று முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே வந்தாய். பஸ் ஸ்டாண்டில் உங்கப்பா டிவிஎஸ் வண்டியோடு நின்றார். நீ ஓடிப்போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்து, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாய். அவர், "இன்னா பாப்பா, மோதரம் தேடுறியா?" என்று சிரித்தார். மறுநாளே நீ அந்த ஏற்பாட்டைச் சொல்லிவிட்டாய். ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்ததும் அப்பா வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை மணி அடித்து நின்றுவிட வேண்டும். நாம் எடுக்கக் கூடாது. எடுத்தால் அப்பாவுக்குக் காசு போகும் என்று ஒரு காரணமும் சொன்னாய்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம். வீட்டு போனுக்கு அடித்தார், பிறகு உன் ஹாஸ்டலுக்கு, பிறகு உன் செல்லுக்கு. ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் பகல் ரெண்டு மணி, நைட் ஷிப்ட் என்றால் காலை ஆறு மணி. "எம் பொண்ணு மெட்ராஸ்ல இருக்குது, நான் வெளிய வந்துட்டேன்னு தெரிஞ்சிக்கினாதான் சாப்புடும்" என்று கேன்டீனில் பெருமை பேசுவார். அவருக்கு அது பாசம். எனக்குத்தான் அது என்னவென்று தெரியும். ஒரு தடவை அவர் போனில் சார்ஜ் இல்லை. நீ ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு எனக்குப் பதினோரு தடவை அடித்தாய். "யாரையாவது மைன்ஸ் கேட்டுக்கு அனுப்பும்மா" என்றபோது உன் குரலில் எட்டு வயது இருந்தது. உனக்கு அப்போது இருபத்தாறு வயது. அன்றைக்குக்கூட நான் சொல்லவில்லை. ரிட்டயர்மென்ட் அன்று மாலையும் கழுத்துமாக ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் ரெண்டு மணிக்குப் போனை எடுத்தார். ஷிப்டே இல்லையே என்றேன். "அது பாத்துகினு இருக்குமில்ல" என்றார். இந்த ஐந்து வாரமும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார். நீயும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பிலிப்பைன்ஸ் பாப்பாவை நான் விடவே இல்லை, அது உனக்குத் தெரியும். உன் குரல் மாறிய வயதில் அவளும் வளர்ந்துவிட்டாள். அடுத்த சீரியலில் அவள் கதாநாயகிக்குத் தங்கையாக வந்தாள், வேறு யாரோ பேசினார்கள். நான் சேனலுக்குக் கோபமாகக் கடிதம் எழுதினேன். நீ நிம்மதியாகப் பரீட்சைக்குப் படித்தாய். அப்புறம் இரண்டு மூன்று வருஷம் அவளைக் காணவில்லை. பிறகு வில்லியாகத் திரும்பி வந்தாள். அதற்குள் காலேஜ் முடித்திருந்த நீ, என்னைக் கேட்காமலே ஸ்டுடியோவுக்குப் போய் அவளுக்கு நான்தான் பேசுவேன் என்று நின்றாய். லீவுக்கு வந்தபோது பாத்ரூமில் நீ வில்லிச் சிரிப்புப் பழகியதைக் கேட்டு, எதிர்வீட்டு அம்மா திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்தாள். இப்போது அவள் அம்மா வேஷம் போடுகிறாள். ஏழு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு அவள் விமானம் ஏறுகிறாள். நீ அந்த அம்மாவுக்குப் பேசிக்கொண்டு, அந்தப் பிள்ளையை அழவைக்க வழி தேடிக்கொண்டிருக்கிறாய். முப்பது வயதில் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

ஞாயிறு சாயங்காலம் மனசு கேட்காமல் போனில் அவள் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒரு பேட்டி கிடைத்தது. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. நிறுத்தி நிறுத்தி, உன் பழைய டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு படித்தேன். சின்ன வயதில் அந்தக் கப்பல் சீனில் எப்படி அழுதாய் என்று அவளையும் கேட்கிறார்கள். உலகத்தில் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள் போல. அவளையும் ஏதோ சொல்லித்தான் அழவைத்திருப்பார்கள் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அப்படி இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவாக நடித்த அந்த நடிகை காட்சி ஆரம்பிப்பதற்கு முன்னால் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தன் சொந்தப் பிள்ளையை ஊரில் விட்டு வந்ததைச் சொல்லி அழுதாளாம். ஒரு பெரியவள் தன் முன்னால் அழுவதைப் பார்த்து இவளுக்கும் அழுகை வந்ததாம். அவ்வளவுதான். ஒரு பொய்யும் தேவைப்படவில்லை.

அதைப் பார்த்ததிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். நான் உன் முன்னால் அழுதிருக்கலாம். அந்த ரேடியோ லெட்டரை நினைத்து அழ எனக்கு அன்றைக்கும் கண்ணீர் இருந்தது. உன்னைக் கட்டிக்கொண்டு, "எனக்கு இது ரொம்ப வேணும் பாப்பா" என்று அழுதிருந்தால் நீயும் அழுதிருப்பாய், டேக்கும் ஆகியிருக்கும். ஆனால் அம்மா அழுவதைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீறாப்பு. என்னை நான் காட்டிக்கொள்ளாமல் உங்கப்பாவைக் கொண்டுபோய் பெல்ட்டுக்கு அடியில் போட்டேன். ஆகவே வெள்ளிக்கிழமை நீ இதைச் செய். இரண்டு பேரையும் தனித்தனியாகப் பேச வைப்பதுதான் உங்கள் வழக்கம் என்று தெரியும். இந்த ஒரு காட்சிக்கு அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, அந்த அம்மாவுக்கு நீ முதலில் பேசு. நீ நிஜமாக அழு. அழக் காரணம் வேண்டுமென்றால், பாவி நான் உனக்கு ஒன்று கொடுத்துவிட்டேனே. அப்படியும் அந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடு, வேறு பிள்ளையைக் கூப்பிடு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதன் அம்மா தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பாள். அவளிடமும் இந்தக் கடிதத்தைக் கொடு. நான் யார் என்று சொல்லியே கொடு.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அடித்துவிட்டேன். கேட்கத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் கேட்கிறேன்.

மேலே இருப்பதை ஒன்றரை மணிக்கு முடித்தேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லி உங்கப்பாவிடம் கொடுத்தேன். நான் எடுத்தால் எழுத்தெல்லாம் ஆடிப்போகிறது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். படிப்பார் என்று தெரிந்துதான் கொடுத்தேன். பாத்திரப் பெட்டி மேல் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். ரெண்டு மணி ஆனது. தாண்டியும் போனது. அவர் போனைத் தொடவில்லை. இன்றைக்கு உனக்கு மிஸ்டு கால் வராமல் நீ எனக்கு அடித்தாயே, நல்லாத்தான் இருக்காரு என்று சொல்லி வைத்தேனே, அது இதனால்தான்.

கடைசிப் பக்கத்தை மடித்துவிட்டு, "வெரலு வெரலாத் தொட்டுப் பாத்துச்சே, அது இதுக்குத்தானா?" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெளியே முருங்கை மரத்தடிக்குப் போனார். உள்ளே வந்து, "நாளைக்கு ரெண்டு மணிக்கு நான் அடிக்கிறதா, வேணாமா? அதயும் எழுதிக் கேளு. பாப்பா சொல்லாம இனிமே அடிக்க மாட்டேன்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் உன்னிடம் கேட்கிற ஒரே கேள்வி இது.

உன்னைக் கேட்காமல் நானே பதில் சொல்லிவிட்டேன், பழைய குணம் போகவில்லை. அடியுங்கள், ஆனால் இரண்டு தடவை மணி அடித்ததும் நிறுத்த வேண்டாம், அது பாட்டுக்கு அடிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அந்த போனை நீ ஒரு நாளும் எடுத்ததில்லை. நாளைக்கு எடு, பாப்பா. என்னோடு எப்போது பேசுவது என்று நீ முடிவு பண்ணிக்கொள். அவரோடு பேசு.

அம்மா